பழைய லாண்ட் ரோவரின் ட்ரம் பிரேக்: பெடல் காட்டும் குறியை வைத்துப் பிழை பிடிப்பது

என்னிடம் இருப்பது 88 அங்குல (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) சீரிஸ் 3 லாண்ட் ரோவர். மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பல வருடம் உழைத்துவிட்டு கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்த வாகனம். நான்கு சில்லிலும் 10 அங்குல ட்ரம். ட்ரம் என்பது சில்லோடு சுழலும் வார்ப்பிரும்புக் கிண்ணம்; மிதித்தால் உள்ளே உள்ள வீல் சிலிண்டர், ஷூ எனப்படும் இரண்டு வளைந்த துண்டுகளை அதன் உட்சுவரில் அழுத்தும்; ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டைதான் லைனர். பூஸ்டர் கிடையாது, மிதிக்கிற காலின் பலம்தான் பிரேக்கின் பலம். இதைப் பலமுறை பிரித்துப் பூட்டியதில் எனக்கு உறுதியான ஒன்று, பிழை தெரிகிற சில்லு ஒன்றாகவும் பிழை இருக்கிற சில்லு வேறொன்றாகவும் பெரும்பாலும் இருக்கும் என்பது. அதனால் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போய்ச் சாமான் வாங்குமுன் பெடல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். கீழே உள்ளதெல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

ட்ரம் பூட்டிய பழைய லாண்ட் குரூசர், மிட்சுபிஷி ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அட்ஜஸ்டர் அமைப்பும் சிலிண்டர்களின் எண்ணிக்கையும்தான் மாறும். குறிகள் ஒன்றே.

ஒரு எச்சரிக்கையை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்க கால சீரிஸ் 3 88 வாகனங்களில் பிரேக் குழாய் முழுவதும் ஒரே சுற்று. இன்றைய வாகனங்களைப் போல முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று பிரித்திருக்கவில்லை. சிலிண்டருக்குள் ஒயிலைத் தடுத்து நிற்கும் ஒரு றப்பர் கப் எங்கேயாவது கிழிந்து பிரேக் ஒயில் வெளியேறினால் நான்கு சில்லிலும் ஒரேயடியாகப் பிரேக் போகும். ஆகவே பிரேக் ஒயில் டாங்கியில் மட்டம் இறங்கினால் அதை நிரப்பிவிட்டு ஓட்டக் கூடாது. அட்ஜஸ்ட்மென்ட் ஒழுங்காக வைத்திருக்கும் ட்ரம் பிரேக்கில் லைனர் தேய்வதால் மட்டம் பெரிதாக இறங்காது. இறங்கினால் கசிவு இருக்கிறது; அதைக் கண்டுபிடிக்கும்வரை வாகனம் நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.

கை வைக்குமுன்

இந்த வாகனத்தின் ஹாண்ட் பிரேக் சில்லுகளைப் பிடிப்பதில்லை. ட்ரான்ஸ்பர் பெட்டிக்குப் பின்னால் உள்ள தனி ட்ரம் ஒன்று பின் புரொப்பெலர் ஷாப்டைப் பிடிக்கிறது. இதனால் வரும் ஆபத்து பலருக்குத் தெரியாது. பின் சில்லு ஒன்றை ஜக் அடித்து நிலத்திலிருந்து தூக்கிய அந்தக் கணமே டிபரென்ஷல் (இரண்டு சில்லும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி) ஹாண்ட் பிரேக்கைப் பயனில்லாமல் ஆக்கிவிடும். தூக்கிய சில்லு சுழலும், நிலத்தில் உள்ள சில்லு உருளும், வாகனம் ஜக்கிலிருந்து நழுவும். சமதரை என்று நம்பி விடாதீர்கள். நிலத்தில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தூக்கிய பிறகு ஸ்டாண்ட் வைக்காமல் கீழே கையைக்கூட நீட்டாதீர்கள்.

ட்ரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை எயார் அடித்தோ வாயால் ஊதியோ சுத்தம் செய்யக் கூடாது. பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருந்தது. உங்கள் வாகனத்தில் எந்தக் காலத்து லைனர் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். எத்தனையோ கராஜ்களில் கம்பிரசர் குழாயால் ட்ரம்முக்குள் அடித்துக்கொண்டு, அந்தத் தூளுக்கு நடுவே பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்கள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனது கனக்கிறது. உங்களுக்குத் தெரிந்த கராஜ் என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஸ்பிரிங்குகளைக் கழற்றுமுன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை முழுதாகப் பூட்டி முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரியுங்கள். சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு மாதிரி இருக்கும். கடைசியாக, தூக்கிய சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அதைச் சரி செய்யாமல் பிரேக்கை அட்ஜஸ்ட் செய்வது வீண் வேலை. ட்ரம்மே இடம் மாறிக்கொண்டிருக்கும்போது ஷூவை எதற்கு அளந்து வைப்பது?

பெடல் ஆழமாகப் போகிறது

ஆகக் கூடுதலாக வரும் முறைப்பாடு இது. ஆகக் கூடுதலாகத் தவறான வைத்தியம் நடப்பதும் இதற்குத்தான். என்ஜினை நிறுத்திவிட்டு, பெடலை ஒருமுறை மிதித்து அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். உடனே இரண்டு மூன்று தரம் விரைவாக மிதியுங்கள்.

மிதிக்க மிதிக்க பெடல் உயர்ந்து, மேலே வந்து கல்லாக நின்றால் குழாயில் எயார் (காற்றுக் குமிழ்) இல்லை. ஷூவுக்கும் ட்ரம்முக்கும் இடையில் தூரம் கூடிவிட்டது, அவ்வளவுதான். அட்ஜஸ்ட் செய்தால் போதும். மேலே வந்தாலும் ஸ்பொஞ்சு போல அமுங்கினால் எயார் இருக்கிறது. மேலே வந்து கல்லாக நின்று, காலை அழுத்தியபடியே வைத்திருக்க மெல்ல மெல்லக் கீழே போனால் ஒயில் எங்கோ தப்புகிறது. வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால் பெடல் நேரடியாகத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே றப்பர் கப்பைத் தாண்டிப் போகிறது. இந்தக் கடைசிச் சோதனையை முப்பது விநாடியாவது பொறுமையாகச் செய்யுங்கள். மெதுவாக நடக்கும் கசிவு ஐந்து விநாடியில் தெரியாது.

இனி அட்ஜஸ்ட் செய்யும் முறை. 88இல் ஷூக்களைத் தாங்கி நிற்கும் சுழலாத தகடான ஒவ்வொரு பேக் பிளேட்டின் பின்னாலும் ஒரு அறுகோணத் தலை இருக்கும். அதைத் திருப்பினால் உள்ளே நத்தை ஓடு போன்ற ஒரு காம் சுழன்று ஷூவை வெளியே தள்ளும். நீளமான 109இல் 11 அங்குல ட்ரம். முன் சில்லில் இரண்டு சிலிண்டரும் இரண்டு அட்ஜஸ்டரும் உண்டு, ஷூவுக்கு ஒன்றாக. சில்லைக் கையால் சுழற்றிக்கொண்டே, அது இறுகி நிற்கும்வரை திருப்புங்கள். பிறகு சில்லு சுதந்திரமாகச் சுழலும்வரை மட்டும் பின்னுக்கு எடுங்கள். இத்தோடு நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ஏறிப் பெடலை இரண்டு தரம் பலமாக மிதியுங்கள். ஷூக்கள் ட்ரம்மின் நடுவுக்கு வந்து உட்காரும். திரும்பவும் சுழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் திருப்ப இடம் வந்திருக்கும். இந்த இரண்டாவது தரத்தை விட்டுவிடுவதால்தான் “அட்ஜஸ்ட் செய்து ஒரு கிழமைகூட ஆகவில்லை, திரும்பவும் இறங்கிவிட்டது” என்று பலர் சொல்கிறார்கள்.

அட்ஜஸ்டர் துருப்பிடித்துத் திரும்பவில்லை என்றால் வன்மையாக முறுக்காதீர்கள், தலை மழுங்கிவிடும். துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே விட்டு, அடுத்த நாள் முன்னும் பின்னுமாக மெதுவாக அசையுங்கள். வெள்ளவத்தை, தெஹிவளை, முகத்துவாரம் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வாகனங்களில் இது எப்போதும் உள்ள தொல்லை. நான் ஒவ்வொரு சர்வீசிலும் நான்கு அட்ஜஸ்டரையும் ஒரு தரம் அசைத்து, வெளியே தெரியும் தண்டில் கிறீஸ் பூசிவிடுவேன்.

குழாயிலிருந்து எயார் எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நம் வாகனங்களில் மாஸ்டர் சிலிண்டர் வலது முன் மூலையில் இருக்கிறது. ஆகத் தூரமான பின் இடது சில்லில் தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வாருங்கள். பேக் பிளேட்டின் பின்னால் உள்ள, எயாரை வெளியே விடத் திறக்கும் நிப்பிளில் தெளிந்த குழாயைப் பூட்டி, மறுமுனையைப் புது ஒயில் உள்ள போத்தலுக்குள் அமிழ்த்துங்கள். நிப்பிள் திறந்திருக்கும்போது உதவியாள் பெடலை விடக் கூடாது. விட்டால் வந்த எயார் திரும்ப உள்ளே போகும். டாங்கியை ஒவ்வொரு ஐந்தாறு மிதிக்கும் ஒரு தரம் நிரப்புங்கள். வெளியே வந்த ஒயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

எயார் எடுத்தும் ஸ்பொஞ்சு போகவில்லையா? ட்ரம்மைக் கழற்றி, லைனரின் வளைவு ட்ரம்மின் வளைவோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். லேத்தில் கடைந்து பெரிதான ட்ரம்முக்குள் சாதாரண லைனர் போட்டால் லைனரின் நடுப்பகுதி மட்டும் படும். மிதிக்கும்போது ஷூவே வளைந்து கொடுக்கும். அது காலுக்கு எயார் போலவே தெரியும். இதைக் கண்டுபிடிக்காமல் மூன்று போத்தல் ஒயிலை வீணாக்கியவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு பக்கம் இழுக்கிறது

மிதித்ததும் வாகனம் இடப்பக்கம் போகிறது என்றால் இடது பிரேக் வேலை செய்கிறது. சந்தேகப்பட வேண்டியது வலப்பக்கத்தை. இதை மாற்றி நினைத்து நல்ல சில்லைப் பிரிப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. முதலில் டயர்களின் காற்றழுத்தத்தைச் சமப்படுத்துங்கள். அதற்குப் பிறகும் இழுத்தால் மட்டும் ட்ரம்மைக் கழற்றுங்கள்.

ட்ரம் பிரேக் இந்த விஷயத்தில் ஏன் இவ்வளவு கூச்சமுள்ளது என்று தெரிந்தால் தேடுவது சுலபம். முன்னோக்கிச் சுழலும் ட்ரம், முன்னணி ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் ஆழமாக அழுத்துகிறது. நீங்கள் கொடுத்த பலத்தை அது பெருக்குகிறது. லைனரின் உராய்வு கொஞ்சம் குறைந்தால் இந்தப் பெருக்கமும் சேர்ந்து குறையும். ஆகவே ஒரு பக்க லைனரில் சிறு எண்ணெய்ப் படலம் இருந்தாலே ஸ்டீரிங்கில் பெரிய இழுப்பாகத் தெரியும்.

என் வாகனத்துக்கு இது நடந்தது. பம்பலப்பிட்டியில் சிக்னலுக்கு நிறுத்தும்போது இடப்பக்கம் நின்ற முச்சக்கர வண்டியை நோக்கி இழுத்தது. ஒரு கராஜில் வலது முன் ஷூக்களை மாற்றி, ஒயில் சீலையும் மாற்றித் தந்தார்கள். ஒரு மாதம் சரியாக இருந்தது. பிறகு அதே இழுப்பு. இந்த முறை நானே கழற்றினேன். புது லைனர் கறுத்து, ஈரமாக இருந்தது. அந்தச் சோடியை எடுத்துக்கொண்டு பஞ்சிகாவத்தையில் லைனர் அடிக்கும் ஒரு நானாவிடம் போனேன். அவர் அதை முகர்ந்து பார்த்தார்.

“தம்பி, இது பிரேக் ஒயில் இல்ல, கியர் ஒயில். லைனர மாத்திக்கிட்டே இருந்தா சரிவருமா? எங்கிருந்து வருதுன்னு பாத்தீங்களா?”

“சீல் மாத்தியாச்சு நானா.”

“சீல் என்ன செய்யும்? அக்ஸிலுக்கு மூச்சு போகுதான்னு பாருங்க.”

அக்ஸில் கூட்டின் மேலே ஒரு சிறிய மூச்சுக்குழல் இருக்கிறது. ஓடும்போது உள்ளே சூடாகும் காற்று அதன் வழியாக வெளியேற வேண்டும். என்னுடையது சேறு காய்ந்து முழுதாக அடைத்திருந்தது. உள்ளே ஏறிய அழுத்தம் டிபரென்ஷல் எண்ணெயை உட்சீலைத் தாண்டி, முன் சில்லின் ஸ்விவல் எனப்படும் உருண்டைக் கூட்டுக்குள் தள்ளியிருக்கிறது. ஸ்விவலின் மட்டம் பார்க்கும் ஆணியைக் கழற்றியதும் எண்ணெய் பீறிட்டு வழிந்தது. இருக்க வேண்டிய அளவைவிட அவ்வளவு கூட. அங்கிருந்து ஹப்புக்குப் போய், புதுச் சீலையும் தாண்டி லைனரில் விழுந்திருக்கிறது. மூச்சுக்குழலைக் கழுவி, உட்சீலை மாற்றி, இரண்டு பக்கமும் புது லைனர் அடித்தேன். அதற்குப் பிறகு இழுப்பு இல்லை.

ஈரம் எதுவென்று மூக்கால் பிரிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு வழி: ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு துளி விடுங்கள். பிரேக் ஒயில் தண்ணீரோடு கலந்துவிடும். கியர் ஒயில் மேலே மிதக்கும். கலந்தால் வீல் சிலிண்டரைப் பாருங்கள். றப்பர் தொப்பியை விரலால் தூக்கினால் உள்ளே ஒயில் தேங்கியிருக்கும். மிதந்தால் ஹப் சீலையும் மூச்சுக்குழலையும் பாருங்கள். சீல் உரசி நிற்கும் வளையத்தில் நகம் தட்டுகிற அளவு கோடு விழுந்திருந்தால் எந்தச் சீலும் அங்கே தங்காது. வளையத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

எண்ணெய் குடித்த லைனரைப் பெற்றோலில் கழுவி, நெருப்பில் வாட்டித் திரும்பப் பூட்டுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. செய்யாதீர்கள். அன்று நன்றாகப் பிடிக்கும். இரண்டாவது முறை சூடானதும் உள்ளே ஊறியது மேலே வரும். மாற்றும்போது ஒரே அக்ஸிலின் இரண்டு பக்கத்தையும், ஒரே வகை லைனரால் மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிது என்றால் நீங்களே ஒரு இழுப்பை உருவாக்குகிறீர்கள்.

லைனர் உலர்ந்தே இருக்கிறதா? அப்போது ட்ரம் கழன்றிருக்கும் நிலையில் ஒருவரை மெதுவாகப் பெடலை அசைக்கச் சொல்லி, சிலிண்டரின் பிஸ்டன்கள் வெளியே வந்து திரும்புகின்றனவா என்று பாருங்கள். ஆழ மிதிக்க விடாதீர்கள், பிஸ்டன் வெளியே தெறித்துவிடும். ஒன்று அசையாமல் நின்றால் துருவில் இறுகியிருக்கிறது. சிலிண்டரின் உட்சுவரில் குழி விழுந்திருந்தால் றப்பர் கப் மட்டும் மாற்றிப் பயனில்லை. முழுச் சிலிண்டரையே மாற்றுங்கள்.

மழைக்குப் பிறகு பிடிக்கவில்லை

ஆமர் வீதியில் ஒரு மணித்தியால மழைக்கே தண்ணீர் நிற்கும். 2016 மே மாதத்தில் களனி ஆறு பெருகிக் கொலன்னாவைப் பக்கமெல்லாம் மூழ்கியபோது உயரமான வாகனங்களும் ஆட்களை ஏற்றி இறக்கின. ட்ரம்முக்குள் தண்ணீர் போனால் உடனே வெளியேறாது, ஏனென்றால் அது ஒரு மூடிய பாத்திரம் போன்றது. தண்ணீரைத் தாண்டியதும் பின்னால் யாரும் ஒட்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாக ஓட்டியபடியே பெடலை இலேசாக அழுத்தி வைத்திருங்கள். சூட்டில் ஈரம் காயும். பிடிப்பு திரும்புவது காலுக்குத் தெரியும். தெரியும்வரை வேகம் எடுக்காதீர்கள்.

அச்சு மட்டத்துக்கு மேலான தண்ணீரில் போயிருந்தால் அந்தக் கிழமைக்குள் நான்கு ட்ரம்மையும் கழற்றுங்கள். உள்ளே வண்டல் இருக்கும். அது லைனரில் பதிந்துகொண்டு ட்ரம்மை அரம் போல உராயும். ஹப், டிபரென்ஷல், ஸ்விவல் எண்ணெய்களையும் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

இரவெல்லாம் மழையில் நின்ற வாகனம் காலையில் முதல் மிதிக்கு வெடுக்கென்று பிடிப்பது வேறு விஷயம். ட்ரம்மில் படிந்த மெல்லிய துரு அது. இரண்டு மூன்று மிதியில் போய்விடும், பிரிக்கத் தேவையில்லை.

பிரேக் விடவில்லை, சில்லு சூடாகிறது

கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு நான்கு ட்ரம்முக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொடாமல். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தச் சில்லில் பிழை. நான்கும் ஒன்றுபோல அனல் அடித்தால் பிழை மாஸ்டர் சிலிண்டரில் அல்லது பெடலில்.

நான்கும் என்றால், பெடலில் இலேசான வெற்று ஆட்டம் இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். தள்ளுகோலுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் சுமார் ஒன்றரை மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது. ஒயில் டாங்கிக்குத் திரும்பும் சிறு துவாரம் மூடியே இருக்கும். ஒவ்வொரு மிதிக்கும் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். ஆட்டம் சரியாக இருந்தும் நான்கும் இறுகினால் டாங்கி மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் றப்பரைப் பாருங்கள். உப்பியிருந்தால் யாரோ பிரேக் ஒயிலுக்குப் பதிலாக என்ஜின் ஒயிலோ ஹைட்ரோலிக் ஒயிலோ விட்டிருக்கிறார்கள். அப்படியானால் இரக்கம் காட்ட இடமில்லை. மாஸ்டர், நான்கு வீல் சிலிண்டர், மூன்று றப்பர் ஹோஸ், எல்லா றப்பரும் போக வேண்டும், குழாய்களைக் கழுவ வேண்டும்.

ஒரு சில்லு மட்டும் என்றால் அதைத் தூக்கி, இறுகியிருக்கும்போதே எயார் நிப்பிளைத் திறவுங்கள். ஒயில் பாய்ந்து சில்லு விடுபட்டால் அழுத்தம் அடைபட்டிருக்கிறது. பழைய றப்பர் ஹோஸின் உட்சுவர் வீங்கி, மிதிக்கும்போது ஒயிலைப் போகவிட்டு, திரும்ப விடாமல் வால்வு போல வேலை செய்யும். வெளியே பார்க்கப் புதிது போலவே இருக்கும். முன் சில்லுகளுக்கு ஒவ்வொன்றும் பின் அக்ஸிலுக்கு ஒன்றுமாக மூன்று ஹோஸ். பின் இரண்டு சில்லும் சேர்ந்து இறுகினால் நடு ஹோஸைச் சந்தேகியுங்கள். நிப்பிளைத் திறந்தும் சில்லு விடவில்லை என்றால் பிழை ட்ரம்முக்குள் இருக்கிறது: பிஸ்டன் இறுகல், ஸ்பிரிங் உடைவு, அல்லது ஸ்பிரிங்கைத் தவறான துளையில் மாட்டியது. போனில் எடுத்த படம் இங்கேதான் உதவும்.

இறக்கத்தில் பிடிப்புக் குறைகிறது

கொழும்புக்குள் இது வராது. நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாக இறங்கும்போதோ, கண்டியிலிருந்து திரும்பும்போது கடுகண்ணாவையிலோதான் வரும். அப்போது பெடல் எப்படி இருந்தது என்பதை மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெடல் கல்லாக இருந்தும் வாகனம் நிற்கவில்லை என்றால் லைனர் சூட்டில் உராய்வை இழந்திருக்கிறது. பெடல் கொஞ்சம் ஆழமாகப் போனால் ட்ரம் சூட்டில் விரிந்திருக்கிறது. ஸ்பொஞ்சாகி நிலத்தைத் தொட்டால் ஒயில் கொதித்திருக்கிறது. மூன்றிலும் ஆக மோசமானது கடைசி.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், கொழும்பின் காற்றில் அதற்குப் பஞ்சமில்லை. புது டொட் 3 (DOT, பிரேக் ஒயிலின் தரக்குறி) ஒயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ். தரத்தில் சொல்லப்படும் ஈரம் ஏறிய நிலையில் 140 பாகை. டொட் 4க்கு 230, 155. நான் டொட் 4 விடுகிறேன், இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் முழுதாக மாற்றுகிறேன். டாங்கியில் இருப்பது பிளேன் டீ நிறத்துக்கு வந்துவிட்டால் வருடக் கணக்குப் பார்க்கவே வேண்டாம். டொட் 5 என்று எழுதிய சிலிக்கோன் ஒயிலை இவற்றோடு கலக்காதீர்கள்.

சூடேறிய நிலையில் பிடிப்புக் குறைந்தால் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு வெடிக்கலாம். அந்த மலையை ஏறிய அதே கியரிலேயே இறங்குங்கள், செங்குத்து என்றால் லோ ரேஞ்சைப் போடுங்கள். இந்த வாகனத்தை அப்படி இறக்கத்தான் அந்தக் கியரே இருக்கிறது.

கல்லாக இருக்கிறது, ஆனால் நிற்கவில்லை

குளிர்ந்த நிலையிலும் இப்படி என்றால் லைனர் கண்ணாடி போல மினுங்குகிறதா என்று பாருங்கள். மினுங்கினால் முரட்டு உப்புத்தாளால் குறுக்குமறுக்காக உரசுங்கள், ஈரமாக்கிக்கொண்டு. எண்ணெய் என்றால் மேலே சொன்னதுதான். புது லைனர் போட்ட உடனே தொடங்கியிருந்தால் லைனரின் வகை பிழை. லொறிக்கு அடிக்கும் கடினமான லைனரைப் பூஸ்டர் இல்லாத இந்த வாகனத்துக்கு அடித்தால் காலில் பலம் போதாது. கொடுக்கும்போதே “பூஸ்டர் இல்லை, கால் பிரேக்” என்று சொல்லிக் கொடுங்கள்.

பிந்திய காலத்துப் பூஸ்டர் உள்ள வாகனம் என்றால்: என்ஜினை நிறுத்தி, பெடலைப் பல தரம் மிதித்து, அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் இலேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வெக்கியூம் ஹோஸையும் பூஸ்டரையும் பாருங்கள்.

சத்தமும் துடிப்பும்

கரகரவென்று உலோகம் உரசினால் ரிவெட் தலை ட்ரம்மில் படுகிறது. அன்றே நிறுத்துங்கள். ரிவெட் தலைக்கு மேல் லைனர் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை என்றால் சத்தம் வருமுன்னரே மாற்ற வேண்டும். மிதிக்கும்போது பெடல் காலின் கீழ் துடித்தால் ட்ரம் வட்டம் இழந்திருக்கிறது. லேத்தில் கடையலாம், ஆனால் 254 மில்லிமீற்றர் விட்டமுள்ள ட்ரம்மில் முக்கால் மில்லிமீற்றருக்கு மேல் எடுக்க நான் சம்மதிப்பதில்லை. மெலிந்த ட்ரம் விரைவாகச் சூடாகும். கீச்சென்ற சத்தம் மட்டும் என்றால் தூள் துடைத்து, ஷூ உரசும் இடங்களில் பொட்டு வைத்தாற்போல் கிறீஸ் தொட்டால் பெரும்பாலும் அடங்கும்.

ஹாண்ட் பிரேக் நிற்கவில்லை

கட்டை வைத்துவிட்டு கீழே படுத்து, ட்ரான்ஸ்பர் பெட்டியின் பின் ட்ரம்மைப் பாருங்கள். வெளியே எண்ணெய் வழிந்த அடையாளம் இருந்தால் பின் சீல் போயிருக்கிறது. அதை மாற்றாமல் கம்பியை இறுக்குவதில் பயனில்லை. உலர்ந்திருந்தால், லீவரை முழுதாக விட்டுவிட்டு, பேக் பிளேட்டிலிருந்து முன்னே நீட்டியிருக்கும் அட்ஜஸ்டரை வலஞ்சுழியாகத் திருப்புங்கள். கால் சுற்றுக்கு ஒரு தரம் கிளிக் என்று கைக்குத் தெரியும். ஷூ ட்ரம்மைத் தொட்டதும் இரண்டு கிளிக் பின்னுக்கு எடுத்து, லீவரை ஒரு தரம் பலமாக இழுத்துவிடுங்கள். ஓடும்போது இந்தப் பிரேக்கை இழுக்காதீர்கள். அதிர்ச்சி முழுவதும் ஷாப்டுக்கும் டிபரென்ஷலுக்கும் போகும். கால் பிரேக் முழுதாகப் போன அவசரத்துக்கு மட்டும் அதை வைத்திருங்கள்.

பூட்டிய பிறகு

வீதிக்கு எடுக்குமுன் நின்ற இடத்திலேயே பெடலை முழுப் பலத்தோடு மிதித்துப் பிடித்து, உதவியாளை நான்கு பேக் பிளேட்டையும் எல்லாக் குழாய் முடிச்சையும் விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஞாயிறு காலை போல வெறிச்சோடிய நேரத்தில், உள் ஒழுங்கை ஒன்றில் மணிக்கு 20 கிலோமீற்றரில் சில தரம் நிறுத்திப் பாருங்கள். ஸ்டீரிங்கை இலேசாகப் பிடித்திருங்கள், இறுக்கிப் பிடித்தால் இழுப்பு தெரியாது. புது லைனர் ட்ரம்மோடு பொருந்த நாள் எடுக்கும். அதுவரை பெடல் மறுபடி இறங்கும். ஒரு கிழமை கழித்து நான்கையும் திரும்ப அட்ஜஸ்ட் செய்யும்போது, ஒவ்வொரு எயார் நிப்பிளின் அடியிலும் விரலை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.